மலையகத்தில் கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு

மலையகத்தில் கோட்டை ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. செஞ்சி, வேலூர், யாழ்ப்பாணம் ஆகியவற்றை மனத்தில் வைத்துக் கேட்டால், இல்லை என்பதே பதில். ஹட்டனில் தொடங்கி நுவரெலியா வழியாக அப்புத்தளை வரை போனாலும் அகழியும் மதிலும் சூழ்ந்த கோட்டை எதிர்ப்படாது. ஆனால் கோட்டையைப் போலக் கட்டிய வீடுகள் உண்டு. கருங்கல் சுவர், ஒடுங்கிய சன்னல், செங்குத்தான முகப்பு, கூரைக்கு மேல் எழும் புகைபோக்கிகள் என்று தேயிலைக்கு நடுவே அவை திடீரென்று கண்ணில் படும். அவற்றில் எவற்றைப் பார்க்கலாம், எப்படிப் போகலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதியைத்தான் பார்த்திருப்பார் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தையும் சொல்கிறேன்.

போகிற வழியிலேயே உண்மையான கோட்டை ஒன்றின் இடம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் ரயில் ரம்புக்கனையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கும். கடுகண்ணாவைக்கு முந்திய சின்ன நிலையம் பலான. கண்டி அரசின் காவற்கோட்டை அந்த மலைமுகட்டில்தான் இருந்தது. கண்டி மன்னர்கள் உயர்ந்த மதில்களை நம்பி ஆண்டவர்கள் அல்லர். காடும் கணவாயும் ஒற்றையடிப் பாதையுமே அவர்களுக்கு அரண். பாதைகளை வேண்டுமென்றே அகலப்படுத்தாமல் வைத்திருந்தார்கள். வழிகளை முட்கதவுகளால் அடைத்துக் காவல் போட்டார்கள். 1660 முதல் 1679 வரை அந்த இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளியான தமது நூலில் அந்த முட்கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1603இல் போர்த்துக்கீசத் தளபதி ஜெரோனிமோ டி அசவேடோவின் படை பலானைக் கோட்டையைப் பிடித்தது. ஆனால் கூட வந்த உள்ளூர் வீரர்களே எதிர்த்துக் கிளம்பியதால் பிடித்த கோட்டையை விட்டுவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. இன்று அங்கே மிஞ்சியிருப்பது கற்களின் சிதைவுதான். நிமிர்ந்து நிற்கும் கோட்டையை எதிர்பார்த்து ஏற வேண்டாம். ஆனால் உச்சியில் நின்று கீழே பார்த்தால், கணவாயைக் காக்க அந்த முகட்டை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்கும்.

தேயிலை நாட்டின் கோட்டை வீடுகளை விளங்கிக்கொள்ள இங்கிலாந்துப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே இடைக்காலத்தில் ஒரு கிராமத்தின் நிலம் பெரும்பாலும் ஒரு பிரபுவின் கையில் இருக்கும். உழுகிறவர்கள் அவருக்கு வாரமும் உழைப்பும் தர வேண்டும். ஊர் வழக்குகளை விசாரிப்பதும் அவர் ஆட்களே. அந்தப் பிரபு தம் வீட்டுக்குக் கொத்தளம் வைத்துப் பலப்படுத்த விரும்பினால் மன்னரின் அனுமதிப் பத்திரம் பெறுவது வழக்கம். ஷ்ரொப்ஷயர் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் இன்றும் நிற்கும் ஸ்டோக்சே இதற்கு நல்ல உதாரணம். அதைக் கட்டியவர் போர்வீரர் அல்லர். லட்லோ ஊரைச் சேர்ந்த லோரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி. 1291இல் முதலாம் எட்வர்ட் மன்னரிடம் அனுமதி வாங்கினார். கோபுரமும் அகழியும் வைத்தார். ஆனால் மண்டபத்துக்கு அவர் வைத்த பெரிய சன்னல்களைப் பார்த்தால், முற்றுகையைத் தாங்கும் எண்ணம் அவருக்கு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. வியாபாரத்தில் சேர்ந்த பணத்துக்குப் பிரபு வீட்டின் தோற்றம் வேண்டியிருந்தது. அதுதான் காரணம்.

ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அப்புத்தளையிலும் அதே காரணத்தால் ஒரு வீடு எழுந்தது. மலையகத்தில் ஒரே ஒரு கோட்டை வீட்டைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள். பெயர் அடிஷாம். அப்புத்தளை நகரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர். முச்சக்கர வண்டியில் போகலாம், நடக்கப் பிடித்தவர்கள் நடந்தும் போகலாம். 1927இல் வேலை தொடங்கி 1931இல் குடிபுகுந்தவர் சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ். இளம் வயதில் தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்து, பின்னர் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானவர். 1835இல் தொடங்கிய அந்தக் கம்பனி, தோட்டங்களின் நிர்வாகத்தையும் விற்பனையையும் இலண்டன் முதலாளிகளுக்காகக் கவனித்த முகவர் நிறுவனங்களில் மூத்தது. கென்ட் மாவட்டத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே வில்லியர்ஸ் வீட்டுக்கும் வைத்தார். மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது அதே மாவட்டத்தின் லீட்ஸ் கோட்டை.

லீட்ஸ் கோட்டை 12ஆம் நூற்றாண்டில் ஏரித் தீவுகளின் மேல் எழுந்தது. மன்னர்களும் அரசிகளும் வாழ்ந்த இடம். ஆனால் இன்று படங்களில் நாம் பார்க்கும் அதன் பெரிய மாளிகை, பழையதை இடித்துவிட்டு 1820களில் பழைய பாணியிலேயே திரும்பக் கட்டியது. ஆக, அடிஷாம் ஒரு நகலின் நகல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலைப்பாட்டில் அது எதற்கும் சளைத்ததல்ல. சுவர்கள் கனத்த கருங்கல். கதவுகளும் தளமும் பர்மாத் தேக்கு. கூரையில் ஓட்டுக்குப் பதிலாகத் தேக்குப் பலகைச் சில்லுகள். சன்னல்கள் சிறியவையாக, கல் சட்டத்துக்குள் பதிந்திருக்கின்றன. குளிர் நாட்டுக்கென்று வகுத்த இந்தப் பாணி, மூடுபனி ஏறி வரும் அப்புத்தளை முகட்டில் பொருந்தத்தான் செய்கிறது. முன்புறத் தோட்டத்தில் நின்று வீட்டைப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். கட்டியவர் எந்தப் பக்கத்தை விரும்பி இந்த இடத்தைப் பிடித்தார் என்பதில் சந்தேகம் இருக்காது.

வில்லியர்ஸின் தாய்வழிப் பாட்டனார் ஜோன் ரசல் பிரபு. இருமுறை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். அதற்கு முன், குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த 1840இல், இந்தியத் தொழிலாளரைக் கயானாவுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகும் திட்டம் அவரிடம் வந்தது. அது புதியதோர் அடிமை முறையாக ஆகிவிடக்கூடும் என்று அஞ்சி அவர் தயங்கியது ஆவணமாக இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் வந்தது கயானா போன்ற ஒப்பந்தத்தில் அல்ல, ஆள் சேர்த்த கங்காணியின் முன்பணத்தில். ஆனால் கடனில் கட்டுண்டு வந்தார்கள் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பாட்டனார் அஞ்சிய வகையான உழைப்பில் விளைந்த தேயிலைதான் பேரனின் மாளிகையை எழுப்பியது. அடிஷாமின் நூலகத்தில் நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

1949இல் வீடு கைமாறியது. 1961இல் கத்தோலிக்கத் துறவிகளிடம் வந்தது. இன்று அது புனித பெனடிக்ற் மடம். வார இறுதி, போயா தினங்கள், அரச விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். சிறு கட்டணம் உண்டு. எல்லா அறைகளும் திறந்திருக்காது. வரவேற்பு மண்டபத்தையும் நூலகத்தையும் பார்க்கலாம். தளபாடங்கள் வில்லியர்ஸ் காலத்தவை. துறவிகள் தங்கள் தோட்டத்துப் பழங்களில் செய்யும் ஜாமும் பானமும் விற்பனைக்கு இருக்கும். அது இயங்கும் மடம் என்பதால் சத்தம் வேண்டாம். உள்ளே படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்துள்ள தங்கமலைக் காடு பறவைகளின் சரணாலயம். காலையில் போனால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

நுவரெலியா நகரில் பார்ப்பதற்கு எண்ணிக்கை அதிகம். ஆழம் அவ்வளவு இல்லை. கிராண்ட் ஹோட்டலின் மூலக் கட்டடம் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் தமக்காகக் கட்டிய பார்ன்ஸ் ஹோல். 1876இல் தோட்டத்துரைமாருக்காகத் தொடங்கிய ஹில் கிளப், ஸ்கொட்லாந்துப் பிரபுக்களின் மாளிகைகளைப் பின்பற்றிய கருங்கல் கட்டடத்தில் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு காலத்தில் தனி வாசல்; இலங்கையருக்குச் சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாசலே இல்லை. இன்று தற்காலிக அங்கத்துவம் எடுத்து யாரும் உள்ளே போகலாம், இராச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும். என்னைக் கேட்டால், இவை இரண்டையும்விட 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்துக்கு அதிக நேரம் கொடுக்கலாம். மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த அந்தக் கட்டடம் ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் சாயலில் இருந்தாலும் தொடக்கம் முதல் பொதுமக்களுக்கானது. 2023இல் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போகிறவர்கள் உள்ளே போய் ஒரு முத்திரை வாங்கி, வீட்டுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தக் கட்டடத்துக்கு அதுதான் மரியாதை.

இனி ஹட்டன் பக்கம். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று போகும் பாதையில் கோபுரம் வைத்த மாளிகைகள் இல்லை. இங்கே இருப்பவை தோட்டத்துப் பங்களாக்கள். பெரும்பாலும் ஒற்றை மாடி, தகரக் கூரை, கல் அத்திவாரம், கணப்பு அடுப்பு, கண்ணாடி போட்ட முன் விறாந்தை, சைப்பிரஸ் வேலி, புல்தரை. சமையற்கட்டு பின்னால் தனியாக இருக்கும். அப்புவும் பங்களா வேலைக்காரரும் அந்த வழியாகத்தான் வந்து போனார்கள். படம் எடுப்பதற்கு அடிஷாம் அளவுக்கு இவை அழகானவை அல்ல. ஆனால் கோட்டை எப்படி இயங்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தோட்டத்தின் எதிர்மலையில் நின்று முழுத் தோட்டத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள். உயரத்தில், காற்றும் வெளிச்சமும் படும் மேட்டில் பெரிய துரையின் பங்களா. சற்றுத் தள்ளி, அதைவிடச் சிறியதாகச் சின்னத் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிளாக்கர், கணக்குப்பிள்ளை, டீமேக்கர் ஆகியோரின் வீடுகள். ஆற்றையோ ரோட்டையோ ஒட்டி இஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. எல்லாவற்றுக்கும் கீழே, மண் சரியும் பள்ளத்தில், தேயிலைக்கு உதவாத நிலத்தில் தொழிலாளரின் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, அடுத்த காம்பராவோடு பொதுச் சுவர். லயத்தின் வாசலில் நின்றால் பங்களா தெரியும். பங்களா விறாந்தையில் நின்றால் லயங்கள் எல்லாமே தெரியும். துரைக்கு மதில் தேவைப்படவில்லை. மலைச்சரிவே அந்த வேலையைச் செய்தது.

சரிவு செய்யாததைச் சட்டம் செய்தது. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். தொழிற்சங்கக்காரர் கூட்டம் போட வர முடியாது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர் கடனை எழுதிய துண்டு வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்குத்தான் போகலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. துரை வருகிற பாதையில் குடையை மடக்கி, தலைத்துண்டை இறக்கி ஒதுங்கி நின்ற கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் தப்பு முழங்கப் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணியதும், வேலை பிரித்ததும், அங்கேயே விசாரணை நடந்ததும் அந்தக் கதைகளில் வரும். ஸ்டோக்சே போன்ற ஓர் ஊரின் பிரபுவுக்கு இருந்த அதிகாரத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒரு வேறுபாடு: பிரபு தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் இருந்தார், துரை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போனார். தலைமுறைகளாக இருந்தவர்கள் லயத்துக்காரர்கள்தான்.

அந்தப் பங்களா உலகத்துக்குள்ளிருந்தே ஒருவர் எதிர்த்துப் பேசினார். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், 1936இல் தேயிலைத் தொழில் பழக வந்த இளைஞர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தார். தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் நடத்தையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பங்களாக்களைக் குலுக்கிய நிகழ்ச்சி அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். பழைய கோட்டைகளுக்கு முற்றுகை என்று ஒன்று இருந்ததென்றால், மலையகக் கோட்டைகளுக்கான முற்றுகை இப்படித்தான் நடந்தது. பெரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும், நிராயுதமாக.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பங்களாக்களில் சில இன்று விலை உயர்ந்த விடுதிகள். காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியிலுள்ள டியன்சின், நோர்வூட், சமர்வில் முதலிய பங்களாக்கள் அப்படி மாறியவை. தங்க வசதி இல்லாதவர்கள் ரோட்டிலிருந்தே நிலத்தின் அமைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். மற்றப் பங்களாக்களில் தோட்ட மனேஜர்மார் குடியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் படியேற வேண்டாம். அதே பாதையில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878இல் கட்டிய வாரலி தேவாலயம் இருக்கிறது. சிறிய கருங்கல் கோயில். சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பெயரும் வயதும் பிறந்த ஊரும் பொறித்திருக்கும். நம்மவர்களில் எத்தனையோ பேர் கொழுந்து மலைக்குள்ளேயே புதைந்தார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. வரட்சிக் காலமாக இருந்தால் மஸ்கெலியாவுக்கும் போங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் நீருக்குள் போன பழைய நகரத்தின் கோயில் எச்சங்கள் நீர் வற்றும்போது வெளியே தெரியும்.

போக்குவரத்தில் சிரமம் இல்லை. துரைமாரின் தேயிலையை இறக்கப் போட்ட ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. இன்று நம்மை ஏற்றிப் போவதும் அதுதான். ஹட்டனில் இறங்கி டிக்கோயா, நோர்வூட். நானுஓயாவில் இறங்கி நுவரெலியா. அப்புத்தளையில் இறங்கி அடிஷாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். அதனால் பெப்ரவரி, மார்ச் நல்லது. மழை மாதங்களில் போனால் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

லயங்களைப் பார்க்கப் போவது பற்றி ஒரு வார்த்தை. அவை காட்சிப் பொருள் அல்ல. மக்கள் வாழும் வீடுகள். பலருக்கு இன்றும் சொந்த நிலமில்லை. பல தோட்டங்களில் கடிதங்கள் இன்னும் தோட்ட அலுவலகம் வழியாகவே வருகின்றன. வாசலில் நின்று சொல்லாமல் கொள்ளாமல் படம் எடுப்பது அவமதிப்பு. பார்த்துப் படிக்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய லயக் காம்பராவையும் தொழிலாளரின் பாவனைப் பொருட்களையும் ஆவணங்களையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அடிஷாமுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களிடம் இதை வற்புறுத்திக் கேட்கிறேன்.

தோட்டத்தில் பிறந்து கொழும்பிலோ கனடாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தோட்டக்காரர், அப்பு, ஆயா, காவல்காரர் என்று யாராக இருந்தாலும் சரி. அந்த வீட்டில் எத்தனை அறை, யார் யார் இருந்தார்கள், எந்த வாசலால் இவர்கள் உள்ளே போனார்கள், கல்லையும் மரத்தையும் மலைக்கு யார் சுமந்தார்கள் என்று கேட்டு, பேசுவதைப் பதிவு செய்யுங்கள். வில்லியர்ஸின் வரலாறு எழுதப்பட்டாகிவிட்டது. இவர்களுடையதை இப்போது கேட்டால்தான் கிடைக்கும்.